வாலக் கழிச்சு எடை போட்ட எலி

என்னா பேராண்டி, நாலு நாளா போனையே மொறைச்சுக்கிட்டு இருக்க? பொண்ணு பாக்குறியோன்னு நெனைச்சேன். கடைசியில பாத்தா, கேம் விளையாட கம்ப்யூட்டர் எலி பாக்குறியாம். உங்க பாட்டிய நான் அரை மணியில பாத்து முடிச்சேன்லா.

இலேசா இருக்கணுங்கிற. சரி. 2020ல வந்த அந்த ரேசர் வைப்பர் மினி 61 கிராமுங்கிறான். கடையில வாங்குற பி கிரேடு முட்டை ஒன்னு அவ்வளவுதான். ஆனா ஒரு சங்கதி கவனிச்சியா? அது வாலக் கழிச்ச கணக்கு. நம்ம மீன்காரன் பையோட சேத்து நிறுப்பான். இவன் கயிறக் கழிச்சுட்டு நிறுக்குறான். ரெண்டு பேருமே சூரனுங்கதான்.

இலேசா இருந்தாத்தான் ஜெயிக்கலாமா? 1942 ஜனவரி 7ல இதே சிலிம் ரிவர் ரோட்டுல ஜப்பான்காரன் டாங்கிய ஓட்டிக்கிட்டு வந்துதான் வெள்ளைக்காரன் படைய ஒடைச்சான். அது என்ன, 61 கிராமா?

நான் கித்தா மரம் சீவுனவன். பெரட்டு முடிஞ்சதும் நெத்தியில லைட்டக் கட்டிக்கிட்டு இருட்டோட நெரையில எறங்குவோம். ஒருநாளு பக்கத்து நெரைக்காரன் கத்திய வாங்கிச் சீவிப் பாத்தேன். அருமையான கத்தி, அவன் கைக்கு. என் கைக்கு அது பட்டையத் தாண்டி மரத்துலயே பாஞ்சிருச்சு. காயம் பட்ட எடம் பொடைச்சுக்கும், புதுப்பட்டை ஒழுங்கா வளராது. அன்னைக்குக் கங்காணி வாயில வந்தத உன்கிட்டச் சொல்ல மாட்டேன்.

எங்க, கைய நீட்டு. முழு உள்ளங்கையும் மேல படுக்குதா, இல்ல வெரல் நுனியால கிள்ளிப் பிடிக்கிறியா? நீ கிள்ளுறவன். சின்ன எலி போதும். உங்கப்பன் கை தேங்கா உரிக்கிற கை. அதுல இது கச்சான் கொட்டையாட்டம் காணாமப் போயிரும்.

8500 டிபிஐன்னு குதிக்கிற. ஒரு அங்குலம் நகத்துனா 8500 அடி எடுத்து வைக்குமாம். உன் திரை அகலமே 1920 புள்ளி. கால் அங்குலம் அசைஞ்சாப் போதும், அம்பு ஓடிப்போயி ஓரத்துல முட்டிக்கும். தும்முனா என்னா ஆகும்? போட்டிக்குப் போற கெட்டிக்காரனுங்க பல பேரு 400லயும் 800லயும்தான் வெச்சிருக்கானுங்க. நீ அவனுங்களவிட அவசரக்காரனா?

ஒடம்பெல்லாம் ஓட்டை போட்டு இளைக்க வெச்சதும் இருக்கு. தேன்கூடாம். முறுக்கு தின்னுக்கிட்டே ஆடுறவன் நீ. எறும்பு குடிவந்தா வாடகை வாங்குவியா? அப்புறம் கலர் லைட்டு. தைப்பூசக் காவடியா அது? மேலதான் உன் கை மூடிக்கிட்டு இருக்கே, யாருக்கு வேடிக்கை?

வாலு இருக்கட்டும். பாதி ஆட்டத்துல சார்ஜ் தீந்துபோச்சுன்னு அழ வேணாம். வாலில்லாததும் இப்ப இளைச்சிருச்சுதான். லாஜிடெக்ல 2020லயே 63 கிராமுல ஒன்னு வந்துச்சு. வெலையக் கேட்டா உங்கப்பன் இளைச்சிருவான்.

கம்பியாட்டம் வெறைச்ச வாலு வேணாம். சப்பாத்துக் கயிறு மாதிரி தொவண்டு கெடக்கணும். அப்பவும் மேசை ஓரத்துல சிக்கும். தூக்கிப் பிடிக்க ஒரு ஸ்டாண்டு விக்கிறானாம், தனிக் காசு. பாட்டி துணிக்கொடியில கிளிப்பு ரெண்டு சும்மாதான் தொங்குது. போயி எடுத்துக்க. அவ ஜன்னல் பக்கம் வர்றதுக்குள்ள.