பாட்டாவுக்கு ஒரு கால்ஷீட்

மக்ளே, நீ சென்னையில டிவி கம்பெனியில இண்டர்னா சேர்ந்த பிறகு உனக்க பார்வையே மாறிப்போச்சுண்ணு உங்க அம்மை ஊரெல்லாம் பெருமையடிச்சா. நானும் கண்டேன். நான் சாயா குடிக்கும்போது ரெண்டு கையையும் சதுரமா விரிச்சு, அதுக்குள்ள என்னைப் பிடிச்சு, ஒரு கண்ணை மூடிப் பாத்தே. "பாட்டா, உங்க முகத்துல செம டெக்ஸ்சர்"ண்ணு சொன்னே. வெயிலும் உப்பும் தின்ன மூஞ்சிக்கு இப்பிடி ஒரு பேரு உண்டுண்ணு தெரிஞ்சிருந்தா உனக்க பாட்டியிட்ட அண்ணைக்கே சொல்லியிருப்பேன். அவ கருவாடுண்ணுல்லா விளிச்சா.

பிறகு நீ ஒரு பிரசங்கம் வெச்சே. டிவிண்ணா அவசரம், சினிமாண்ணா கலை, ஸ்டுடியோண்ணா ஒழுக்கம். கொள்ளாம். இந்த வயசில இவ்வளவு தெளிவு எனக்கு இருந்திருந்தா நான் வள்ளத்தில ஏறியிருக்கவே மாட்டேன். ஆனா மக்ளே, சம்பளம் எவ்வளவுண்ணு நான் கேட்டதும் பிரசங்கம் நிண்ணுபோச்சே. "சம்பளம் இல்லே பாட்டா, எக்ஸ்போஷர் கிட்டும்"ண்ணே. நம்ம கரையில கரமடி வலை இழுக்கும்போது, சும்மா நிண்ணு கம்பாக் கயித்தில கை வெச்ச பள்ளிக்கூடத்துப் பயலுக்குக்கூட ஒரு கை சாளை கொடுத்துத்தான் விடுவோம். எக்ஸ்போஷருண்ணு சொல்லி வெறுங்கையா வீட்டுக்கு அனுப்ப நமக்குத் தெரியேல. படிப்பில்லாத சாதி. நீ இதை அங்க போய்ச் சொல்லிராதே, பெரிய மனுசங்களுக்கு மனசு நோவும்.

ஸ்டுடியோவைப் பத்தி நீ சொன்னதில எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்தப் பச்சைத் துணி. வானிலை வாசிக்கிற பெண்ணு பச்சைத் துணிக்கு முன்னால நிண்ணு, ஒண்ணுமில்லாத இடத்தைத் தொட்டுத் தொட்டு இங்கன தாழ்வு மண்டலம், அங்கன சூறைக்காத்துண்ணு காட்டுவாளாம். பக்கத்தில ஒரு சின்ன டிவி இருக்குமாம், அதைப் பாத்துத்தான் தனக்க கை எந்த ஜில்லாவில இருக்குண்ணு அவளுக்கே தெரியுமாம். நல்ல வித்தை. ஒரேயொரு குறை. மேப்பில கன்னியாகுமரி எங்க இருக்கு? தமிழ்நாட்டுக்கு அடிமுனையில. டிவியில அடியில என்ன இருக்கு? ஓடுற எழுத்து. தங்கம் விலையும் தலைவருக்க அறிக்கையும் நம்ம ஜில்லாவுக்கு மேல ஏறி ஓடும். மழை வருதா, காத்து வருதாண்ணு பாக்க நான் தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சு, கழுத்துதான் சுளுக்கிச்சு. நீ பெரிய ஆளா ஆனபிறகு சமுதாயத்தைத் திருத்து. அதுக்கு முன்ன, அந்த ஓடுற எழுத்தை ஒரு விரக்கடை மேல தூக்கிவைக்க முடியுமாண்ணு கேளு.

சிரிக்காதே. இதில உள்ள எளவு என்னண்ணா, அந்த ஒரு விரக்கடைக்குள்ளதான் ஒக்கிப் புயல் வந்தது.

2017 நவம்பர் 30. அந்திரேயா திருநாள். அவரும் மீன்பிடிக்காரர்தான், அவருக்கும் யாரும் முன்கூட்டிச் சொல்லேல போல. தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகு எல்லாம் நாளுக்கணக்கா முன்னமே போயாச்சு. போனா வாரக்கணக்கில கடல்லதான் கிடப்பானுவ, கரையில இருந்து வயர்லெஸ்ஸில கூப்பிட்டா எட்டாத தூரம். எச்சரிக்கை வராம இல்லே, வந்துது. கேக்கவேண்டியவன் கடல்ல கிடக்கும்போது கரைக்கு வந்துது.

அந்த நாளையில சென்னையில ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் திருவிழா. டிசம்பர் 5-ஆம் தேதி நடிகர் விஷாலுக்க வேட்புமனுவைத் தள்ளினாவ, பிறகு ஏத்தாச்சுண்ணாவ, பிறகு மறுபடியும் தள்ளினாவ. ராத்திரிவரை அதுதான் காட்சி. சினிமா, அரசியல், சஸ்பென்ஸ், மூணும் ஒரே இடத்தில கிட்டினா டிவிக்காரன் விடுவானா? நீயே ஆனாலும் விடமாட்டே. இங்க கரையில பொண்டுவ கடலைப் பாத்து நிண்ணாளுவ. அதில சஸ்பென்ஸ் உண்டு, நடிகர் இல்லே.

டிசம்பர் 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கான ஜனம் நடந்தே போய்க் குழித்துறை ரயில் ஸ்டேஷன்ல தண்டவாளத்தில இருந்துது. பிறகு பாக்கணும், தலையில குடை கவுத்த வேன் வேனா வந்து இறங்கிச்சு. ரயில் நிண்ணா டிவிக்குத் தெரியும் மக்ளே. வள்ளம் திரும்பி வரேலண்ணா தெரியாது.

வந்தவனைக் குறை சொல்ல எனக்கு மனசில்லே. ஒரு பையன், உனக்க வயசுதான் இருப்பான், மைக்கும் கையுமா ஒரு வீட்டு முன்னால நிண்ணான். புருசனைக் காணாத பெண்ணு கதவைத் திறந்து வெளிய வந்து ரெண்டு வார்த்தை பேசினா. பின்னால வெளிச்சம் ஜாஸ்தியாம், முகம் கறுத்துப் போச்சாம். "அக்கா, இன்னொரு தடவை உள்ள போய்ட்டு வாங்க"ண்ணான். அவளும் உள்ள போய், கதவை மூடி, திறந்து, வந்தா. இந்த முறை ஒழுங்கா அழுதா. பிறகு அந்தப் பையன் நம்ம திண்ணையில வந்திருந்து தண்ணி வாங்கிக் குடிச்சான், கை நடுங்கிச்சு. காதில ஒரு கருவி. சென்னையில இருந்து எவனோ அதில விடாம பேசிட்டிருந்தான், எனக்கே கேட்டுது. இவன் யாரு வீட்டில இருக்கான், யாரு முன்னால இருக்கான் எல்லாம் அந்தக் காதுக்காரனுக்குத் தெரியாது, வெளிச்சம் மட்டும் தெரியும். நாளைக்கு உனக்க காதிலயும் அதைச் சொருகுவானுவ. சொருகட்டும், தொழிலுண்ணா வேணும். மத்தக் காதை எங்களுக்கு வைய்யி.

அதே ஒக்கியைப் பத்தி திவ்யபாரதி ஒரு ஆவணப்படம் எடுத்தா. அதுக்கு முன்ன கையால மலம் அள்ளுறவங்களைப் பத்தி 'கக்கூஸ்' எடுத்த பெண்ணு. இந்தப் படத்துக்கு 'ஒருத்தரும் வரேல'ண்ணு நம்ம கரைப் பேச்சிலயே பேரு வெச்சா. அதுக்கு ஸ்டுடியோ கிடையாது, பச்சைத் துணி கிடையாது, போலீஸ் தொந்தரவு மட்டும் தாராளமா கிட்டிச்சு. உனக்க ஆபீசில அந்தப் படத்தைப் பாத்தியாண்ணு கேட்டா எல்லாரும் பேரு கேள்விப்பட்டிருக்கோம்ணுதான் சொல்லுவாவ. நீ பாரு.

சரி, சினிமா கலைண்ணே. நம்ம கரையில இருந்து கிழக்க முட்டம். 1981-ல பாரதிராஜா அங்க 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்தாரு, 1986-ல 'கடலோரக் கவிதைகள்'. தமிழ்நாட்டுக்கே முட்டம் பாறையைக் காட்டிக் கொடுத்த புண்ணியவான், அதில எனக்கு மறுவார்த்தை இல்லே. படத்தில கடல் என்னா அழகு! எனக்கே நம்ம வீட்டுப் பின்னால கிடக்கிறது அதே கடல்தானாண்ணு சந்தேகம் வந்து எழும்பிப் போய்ப் பாத்தேன். இங்க மீன் நாறிச்சு. இங்கயும் காதல் உண்டு மக்ளே, ஆனா வட்டிக்காரன் வந்து நிண்ணா காதலன் பாறையில இல்லே, வீட்டுத் தட்டுக்கு மேல ஏறி ஒளிவான். அதை எடுத்தா டிக்கெட் போவாது, எனக்குத் தெரியும்.

சொந்தமா ஸ்டுடியோ வைக்கணும்ணு ஒரு ஆசை சொன்னியே, அதுக்கு முன்ன நம்ம ஜில்லாக்காரர் ஒருத்தருக்க கதையைக் கேளு. அகஸ்தீஸ்வரத்து ஜே.சி. டானியேல். படம் பேசாத காலத்தில நிலத்தை வித்து, திருவனந்தபுரத்தில திருவாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்ணு கம்பெனி வெச்சு, 'விகதகுமாரன்'ணு மலையாளத்துக்கு முதல் படம் எடுத்தாரு. கதை அவரு, கேமரா அவரு, டைரக்டர் அவரு, நடிகரும் அவருதான். நீ மல்டி டாஸ்கிங்ணு என்னமோ சொன்னியே, அது. கதாநாயகி பி.கே. ரோசி, தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்ணு. அவ நாயர் வீட்டுப் பெண்ணா வேசம் கெட்டினது பெரிய குத்தமாப் போய், கேப்பிட்டல் தியேட்டர்ல திரை மேல கல்லெறிஞ்சானுவ. அந்தப் பெண்ணு ஊரைவிட்டே ஓடவேண்டி வந்துது. டானியேலுக்க காசு போச்சு, கம்பெனி போச்சு, பல் வைத்தியராப் பிழைச்சாரு. உயிரோட இருந்தப்போ உதவி கேட்டதுக்கு நீரு தமிழ்நாட்டுக்காரர்ணு அந்தப் பக்கம் கையை விரிச்சதாச் சொல்லுவாவ. 1975-ல செத்தாரு. 1992-ல இருந்து கேரள அரசு அவருக்க பேரிலயே பெரிய விருது கொடுக்குது. 2013-ல 'செல்லுலாய்டு'ண்ணு அவரைப் பத்தியே ஒரு சினிமாவும் வந்துது. அவரு எடுத்த படத்துக்க சுருள் மட்டும் மிச்சமில்லே. ஆகமொத்தம் மக்ளே, நீ தைரியமாப் படம் எடு. மரியாதை கண்டிப்பா வரும். வந்து சேரும்போது வீட்டில நீ இருப்பியாண்ணுதான் சொல்லமுடியாது.

மெட்ராஸ் ஸ்டுடியோவையும் நம்பாதே. ஜெமினிண்ணு கேட்டா இப்ப மேம்பாலத்தைக் காட்டுவான். வடபழனியில வாகினி நிண்ண இடத்தில இப்ப மால். அந்தக் காலத்தில கோட்டை கெட்டி அரண்மனை கெட்டிப் படமெடுத்த இடம், இப்ப செருப்புக்கடையும் பாப்கார்னும். பாப்கார்ன் மட்டும் பழைய உறவு.

ஆனா ஒண்ணு, சினிமாத் தொழிலாளிமார் புத்திசாலியள். பெப்சிண்ணு ஒரு சம்மேளனம் உண்டுண்ணு சொன்னே. நான் குடிக்கிறதாக்கும்ணு நினைச்சேன். லைட் பிடிக்கிறவன், மேக்கப் போடுறவன், சண்டை போடுறவன், சாப்பாடு போடுறவன் எல்லாருக்கும் தனித்தனிச் சங்கம், மணிக்கணக்கில கால்ஷீட், நேரம் தாண்டினா பேட்டா. இது எனக்குப் பிடிச்சுது. கலை கலைண்ணு கண்ணை மூடாம கடிகாரத்தையும் பாக்கிறாவ. 2020 பிப்ரவரி 19-ல பூந்தமல்லிப் பக்கம் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில 'இந்தியன் 2' படப்பிடிப்பில கிரேன் விழுந்து மூணு பேரு செத்தாவளே, அதில ஒருத்தரு உதவி டைரக்டர். அதனால சொல்லுதேன், கேமரா எங்க பாக்குதுண்ணு கவனிக்கிறதுக்கு முன்ன தலைக்கு மேல என்ன தொங்குதுண்ணு பாரு. இதில நையாண்டி இல்லே.

சத்தத்தைப் பத்தியும் ஒண்ணு. ஆடி மாசம் கடல் சுவரைத் தாண்டி வீட்டுக்குள்ள வரும், வருசா வருசம் நீங்களும் வருவிய. வந்து படம் எடுத்துட்டுப் போய், அலைச் சத்தம் தெளிவா விழேலண்ணு கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்துப் போடுவியளாமே? அது மணல்ல ஏறி சர்ருண்ணு திரும்புற அலை. மெரினாக்காரி. இங்க அலை விழுறது கல்லில. முதல்ல இடி, பிறகு கல்லுக்க இடுக்கு வழியா தண்ணி இறங்குற ஒரு களகளப்பு, கூடவே உருளைக்கல் உரசுற சத்தம். ராத்திரி அந்தக் களகளப்பு நின்னா எங்களுக்கு முழிப்பு வந்திரும், அடுத்தது பெரிசுண்ணு அர்த்தம். நீ சவுண்டு கத்துக்கிடணும்ணா முதல்ல அதைப் பிடி. பிடிச்சு உனக்க எடிட்டருக்குக் கொடு, அவரு இது கடல் மாதிரி இல்லியேண்ணு சொல்லுவாரு. அப்ப சிரிக்கப்படாது, ஜோலி போயிரும்.

எதை எடுக்கிறதுண்ணு கேட்டியே. 2016 ஜூலையில மத்திய மந்திரிசபை இனயத்தில துறைமுகம் கெட்டலாம்ணு சம்மதிச்சப்போ நம்ம ஊரு பேரு டிவியில நாளும் வந்துது. நான் பாத்த விவாதத்தில நாலு கசேரை, நாலிலயும் கோட்டு. வளர்ச்சி வேணும்ணு ரெண்டு பேரு, யோசிக்கணும்ணு ரெண்டு பேரு. இனயத்துக்காரனுக்கு அஞ்சாவது கசேரை இல்லே, ரோட்டில கோசம் போடுறதை மட்டும் ஒரு மூலையில சத்தமில்லாமக் காட்டினானுவ. பிறகு திட்டம் கிழக்க நகர்ந்துது, இனயம் பேரும் டிவியில இருந்து நகர்ந்துது. அதுக்குப் பிறகும் நாங்க இங்கதான் இருக்கோம், மீன் பிடிக்கோம், பெண்ணு கெட்டிக் கொடுக்கோம். இதுக்கு ஒரு வேனும் வரேல.

அதனால ஒண்ணும் நடக்காத நாளா பாத்து வா. கடல் சீறாத, மந்திரி வராத, ஒருத்தனும் சாவாத நாளு. வந்து கணியத்தை எடு, கடல்ல இருந்து கரையைப் பாத்து இடம் குறிக்கிற வித்தை. கிட்ட உள்ள கோயில் கோபுரமும் தூரத்து மலைத்தலையும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வரணும். வேற பக்கம் திரும்பினா தென்னந்தோப்புக்க ஓரமும் இன்னொரு குன்றும் அதே மாதிரி ஒண்ணாகணும். ரெண்டு நேரும் சேரும் இடத்தில கல்லைப் போடு, அடியில பாறைப் பார் இருக்கும், பாரில மீன் இருக்கும். ஜிபிஎஸ் வந்தபிறகு பையன்மார் பொட்டியைத்தான் பாக்கானுவ, மலையைப் பாக்கேல. எந்தக் கோபுரத்துக்கு எந்த மலைண்ணு தெரிஞ்சவங்க பாதிப்பேரு கல்லறைத் தோட்டத்தில படுத்தாச்சு. மூக்கையூரிலயும் தூத்துக்குடியிலயும் மீன்காரப் பையன்மார் போனைத் தூக்கி யூடியூப்பில கடலைக் காட்டி லட்சக்கணக்கில ஆள் சேத்திருக்கானுவண்ணு நீதானே காட்டினே. அவனுவளுக்கு எந்தச் சேனல்ல இண்டர்ன்ஷிப்பு கிட்டிச்சு?

நான் வள்ளத்தில ஏறி வந்து காட்டுதேன். ஆனா முறையோட பேசிக்கிடுவோம். எனக்கு எட்டு மணி நேரக் கால்ஷீட். விடியக்காலம் நாலுக்குத் தொடங்கினா மதியத்தோட தீந்துது, அதுக்கு மேல போனா பேட்டா. எக்ஸ்போஷர் தாறேன்ணு பேச்செடுத்தா வள்ளம் அனங்காது, எனக்கு வெயில் ஏற்கெனவே நிறைய கிட்டியிருக்கு. சாப்பாடு உனக்க கணக்கு, மீன் எனக்க கணக்கு. மேக்கப் வேண்டாம், டெக்ஸ்சர் கைவசம் இருக்கு. கோபுரமும் மலையும் சேரும்போது ஒரே ஒரு தடவை "இந்தா"ண்ணு சொல்லுவேன், அப்ப பட்டனை அமுக்கிரணும். வெளிச்சம் சரியில்லே, இன்னொரு தடவைண்ணு கேட்டே, வள்ளத்தைத் திருப்பி உன்னைக் கரையில இறக்கிட்டு நான் மீன் பிடிக்கப் போயிருவேன்.