பைசல்

போன மாதம் வரை என் கைப்பேசியில் 117 வேலைகள் நிலுவையில் இருந்தன. அவற்றில் வயதில் மூத்தது, ‘வேலைகளைக் குறித்துவைக்க நல்ல செயலியாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவும்’ என்பது.

அப்பா தாலுகா அலுவலகத்தில் உதவியாளராக இருந்தவர். அவர் மேசையில் ‘தன் பதிவேடு’ என்றொரு தடித்த நோட்டு இருக்கும். எந்தத் தபால் வந்தாலும் முதலில் அதில் ஏறவேண்டும். வந்த தேதி, யாரிடமிருந்து, என்ன பொருள், யாருக்கு எழுதிக் கேட்டோம், நினைவூட்டு எப்போது போயிற்று என்று கட்டம் கட்டமாக நீளும். கடைசிக் கட்டத்தில் முடிவு எழுதிவிட்டால் அந்தக் காகிதம் பைசல். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் தாசில்தார் கேட்பார். நோட்டு அவர் பார்வைக்குப் போகிற நாளன்று அப்பா இரண்டு இட்லியோடு எழுந்துவிடுவார்.

அம்மாவுக்குப் பதிவேடு கிடையாது, முந்தானைதான். பால்காரருக்குப் பாக்கி கொடுக்கவேண்டுமா, ஒரு முடிச்சு. எதிர்வீட்டு அண்டாவைத் திருப்பித் தரவேண்டுமா, இன்னொரு முடிச்சு. மூன்றாவது விழுந்தால் எது எதற்கென்று குழம்பிவிடும். ஆகவே, “இதை முடிச்சிட்டு வர்றேன், அப்புறம் சொல்லு” என்பாள். கையிலிருப்பது தீராமல் அடுத்ததை உள்ளே விடக்கூடாது என்ற இதே சங்கதியைத்தான் ஜப்பானில், டொயோட்டா தொழிற்சாலையில், தாயிச்சி ஓனோ ‘கான்பன்’ அட்டைகளை வைத்துச் சாதித்தார். உலகம் அதை மேலாண்மை என்று படிக்கிறது. அம்மா அதைப் புடவை என்று கட்டிக்கொண்டிருந்தாள்.

இருவருக்கும் பொதுவாகச் சுவரில் சிவகாசித் தினசரி காலண்டர் தொங்கியது. நாளைக் கூறுபோட்டு இன்ன நேரத்துக்கு இன்ன வேலை என்று ஒதுக்கச் சொல்கிறார்கள் இன்றைய நிபுணர்கள். காலண்டர் அதற்கும் ஒரு படி மேலே போய், எப்போது எதையும் தொடங்கக் கூடாது என்று ஒதுக்கிக் கொடுத்தது. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது, வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு என்று ராகு காலம் மட்டுமே தினம் ஒன்றரை மணி நேரம். எமகண்டம் தனிக் கணக்கு. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இவ்வளவு கௌரவமான காரணத்தை இன்றுவரை எந்தச் செயலியும் எனக்குத் தரவில்லை. மறுநாள் காலை தாளைக் கிழித்துவிடுவார்கள். அதன் பின்பக்கம் மளிகைச் சிட்டையாகும். நேற்று என்பது அப்படித்தான் துவரம்பருப்போடு முடிந்துபோகும்.

இது அந்தக் காலம். இந்தக் காலத்தில், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லை நான் மறந்து, ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். “ஒரு ஆப் போட்டுக்கோங்கப்பா” என்றாள் மகள்.

நான் அரசு ஊழியரின் பிள்ளை. மூன்று விலைப்புள்ளி வாங்காமல் முடிவெடுக்க மாட்டேன். மூன்று செயலிகளை இறக்கினேன். எக்செல்லில் ஒப்பீட்டுப் பட்டியல் போட்டேன், 14 கட்டங்கள்.

முதல் செயலி, ஒரு வேலையை முடித்தால் புள்ளி கொடுத்தது. ‘பல் துலக்கு’, ‘காபி குடி’ என்றெல்லாம் எழுதி டிக் அடித்தேன். ஒரே வாரத்தில் எனக்குப் பதவி உயர்வு. கரண்ட் பில் மட்டும் அப்படியே இருந்தது. இரண்டாவதில் பலகை, அதில் அட்டைகள். இடப்பக்கத்து அட்டையை வலப்பக்கம் இழுத்துவிட்டால் வேலை நகர்ந்ததாக அர்த்தம். எதற்கு எந்த வண்ணம் என்று தீர்மானிக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. மூன்றாவது, பேசுகிற மாதிரி எழுதினாலே தேதியைப் புரிந்துகொள்வேன் என்றது. ‘நாளை மறுநாள் மாமா வருகிறார்’ என்று தமிழில் எழுதினேன். அதற்கு மாமாவும் புரியவில்லை, மறுநாளும் புரியவில்லை.

சரி, குறை என்னிடம்தான் என்று புத்தகம் படித்தேன். டேவிட் ஆலன் 2001-இல் எழுதிய ‘கெட்டிங் திங்ஸ் டன்’. இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற வேலையை எழுதிக்கொண்டிருக்காதே, உடனே செய்துவிடு என்கிறார். அருமையான விதி. அதைச் செயலியில் குறித்து, வகை பிரித்து, சிவப்புக் கொடி நட்டேன். மூன்று நிமிடம் ஆயிற்று.

அதைவிடச் சங்கடம், மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு. முடியாத காரியம் மனத்தை நச்சரித்துக்கொண்டே இருக்குமாம். ஆனால் அதை எப்போது, எப்படிச் செய்வோம் என்று திட்டம் போட்டுவிட்டாலே நச்சரிப்பு அடங்கிவிடுமாம், காரியம் நடக்காவிட்டாலும்! இதற்கு ஆய்வகமே வேண்டாம், என்னைக் கேட்டிருக்கலாம். ‘பல் டாக்டரைப் பார்க்க, வியாழன் மாலை 5’ என்று எழுதிய கணமே எனக்குப் பாதிப் பல்வலி போய்விடும். வியாழக்கிழமை ‘அடுத்த வாரம்’ என்ற பொத்தானை அழுத்தினால் மீதியும் போய்விடும்.

செயலிகளுக்கும் ஆயுள் உண்டு. லட்சக்கணக்கானோர் நம்பியிருந்த வுண்டர்லிஸ்ட்டை 2015-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, 2020 மே 6-ஆம் தேதி மூடியது. செய்யாத வேலைகளையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ஜனங்கள் வேறு வீடு பார்த்தார்கள். ஆகவே ஒப்பீட்டுப் பட்டியலில் 15-ஆவது கட்டமும் சேர்ந்தது: ‘நமக்கு முன்னால் போய்விடுமா?’

சென்ற மாதம் அப்பா வந்திருந்தார். வயது 86. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என் கைப்பேசியை வாங்கி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பழைய பழக்கம், நிலுவை என்றால் கண் நிலைத்துவிடும்.

“நினைவூட்டு போவுதா?”

“தினம் மூணு தடவை.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

“சரி, இதுக்குத் தாசில்தார் யாரு?”

“நான்தாம்ப்பா.”

“குமாஸ்தா?”

“அதுவும் நான்தான்.”

“வெளங்கிடும்” என்றார்.

பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார். “இந்தக் கிட்டார் கத்துக்கறது 2019-லேருந்து நிக்குதே. ஓ.மு. போட வேண்டியதுதானே?”

ஓ.மு. என்றால் ஓராண்டு முடிவு. இதில் மேல் நடவடிக்கை தேவையில்லை என்று எழுதி, ஒரு வருடம் கட்டில் வைத்திருந்து, பிறகு அழித்துவிடலாம். சங்கதி கொஞ்சம் கனமென்றால் மூன்றாண்டு, பத்தாண்டு. பட்டா, எல்லைத் தகராறு போன்றவை நிரந்தர முடிவில் பதிவறைக்குப் போகும். பைசல் என்றால் செய்து முடிப்பது என்று மட்டுமே இத்தனை நாள் நினைத்திருந்தேன். செய்யப்போவதில்லை என்று தீர்மானித்து, தேதி போட்டுக் கையெழுத்திடுவதும் பைசல்தானாம். என் செயலியில் செய்தேன், தள்ளிப்போடு, நீக்கு என்ற மூன்றுதான். முதலாவது பொய், இரண்டாவது பழக்கம், மூன்றாவதுக்கு மனசு வராது.

அன்றிரவு தணிக்கை நடந்தது. ஒவ்வொன்றுக்கும் அப்பா ஒரே கேள்விதான் கேட்டார்: “இதை யாராச்சும் மனு போட்டுக் கேட்டிருக்காங்களா?” பல் டாக்டருக்குப் பல்லே மனு போட்டிருந்தது, தப்பியது. பிரெஞ்சு மொழி, மாடித் தோட்டம், தினம் 10,000 அடி நடை, எதையும் யாரும் கேட்டிருக்கவில்லை. ஓ.மு., ஓ.மு. என்று அவர் சொல்லச் சொல்ல நான் டிக் அடித்துக்கொண்டே வந்தேன். 64 உருப்படி தீர்ந்ததும் திரையில் வண்ணக் காகிதங்கள் சிதறின.

“என்னவாம்?”

“இன்னிக்கு 64 வேலை முடிச்சதுக்குப் பாராட்டுதுப்பா.”

“ஒண்ணும் செய்யாததுக்கா? பரவாயில்லையே, நம்ம ஆபீஸ் மாதிரியேதான் இருக்கு.”

கடைசியாக அந்த மூத்த உருப்படிக்கு வந்தோம். செயலி தேர்ந்தெடுக்கும் விவகாரம், 15 கட்ட இணைப்புடன். அப்பா கொஞ்சம் யோசித்தார். கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

“இது அழிக்கிற காகிதம் இல்ல. நிரந்தர முடிவுன்னு எழுது. பேரன் பேத்தி காலத்துலயும் யாராவது எடுத்துப் பாப்பாங்க.”