மல்லிமொக்குப் புடவையை ஒழித்துக்கட்டுவது எப்படி?

தோட்டத்து மல்லிகை மொக்கைப் பட்டிலும் ஜரிகையிலும் பூக்க வைத்த ஊர் காஞ்சிபுரம். அந்தப் புடவையைப் பாழாக்குவதில் உங்களுக்கு ஏற்கெனவே நல்ல பழக்கம் உண்டு. ஆனாலும் எதையும் முறையாகச் செய்வது நல்லது.

1. ஆட்டோக்காரர் காட்டும் கடைக்கே போங்கள். பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

2. கைத்தறியா விசைத்தறியா என்று வாய் திறக்காதீர்கள். சில்க் மார்க் சீட்டைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடுங்கள். அது பட்டு அசல் என்று மட்டும்தான் சொல்லும். எங்கே, எந்தத் தறியில் நெய்தது என்று சொல்லாது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வந்து இருபது வருஷமாகிறது. அதைக் கேட்டு யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம்.

3. ஜரிகையைச் சுரண்டிப் பார்க்காதீர்கள். அசல் என்றால் தங்கமுலாமும் வெள்ளியும் நகர்ந்து, உள்ளே சிவப்புப் பட்டு நூல் எட்டிப் பார்க்கும். தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?

4. தப்பித்தவறி நெசவாளர் வீட்டுக்கே போய்விட்டீர்களா? உடலோடு கரையைப் பிணைக்கும் கோர்வை போட ஓர் ஆள் போதாது. கரைப்பக்கம் நாடா தள்ள இன்னொருவர் உட்கார வேண்டும். இதையெல்லாம் பத்து நிமிஷம் பார்த்து, போட்டோ எடுத்து, கடைசியில் பாதி விலைக்குக் கேளுங்கள்.

5. கல்யாண வீட்டில் சென்ட்டை நேராக மொக்கின் மேல் அடியுங்கள். தண்ணீர் சொட்டும் மல்லிகைச் சரத்தைத் தோள்மேல் புரள விடுங்கள். செடியில் பூத்தது தறியில் பூத்ததைக் கறுக்கவைக்கும். இப்படி ஒரு பொருத்தம் வேறெங்கு கிடைக்கும்! வியர்வை காயும் முன்பே மடித்துவிடுங்கள்.

6. பிளாஸ்டிக் உறை, பீரோவின் அடித்தட்டு, ஜரிகையை ஒட்டி நாலு நாப்தலின் உருண்டை. பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைக்கச் சொல்லும் பாட்டியைப் பேச விடாதீர்கள். மடிப்பை மாற்றவே கூடாது. சில வருஷம் கழித்துப் பிரித்தால், மடிப்பு விழுந்த இடத்தில் ஜரிகை இற்று, ஒரு வரிசை மொக்கு முழுக்க நடுவே பிளந்திருக்கும்.

7. தெருவில் "பழைய பட்டுப்புடவை இருக்கா" என்று குரல் வரும். எடுத்துக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் பட்டை எரித்து வெள்ளியை எடுத்துக்கொள்வார்கள். சொன்ன விலைக்கே தள்ளிவிடுங்கள். பேரமெல்லாம் நெசவாளரிடம்தான்.