ஆறு நகரம் கொண்ட கொள்கைக்கு ஒரு வாழ்த்துமடல்

மாட்சிமை பொருந்திய தமிழ்நாட்டு மின்வாகனக் கொள்கைப் பெருந்தகையே! 2023 பிப்ரவரி 14 அன்று தலைநகரில் புதுக்கோலம் பூண்டு எழுந்தருளிய தங்கள் பொற்பாதங்களுக்கு, சவ்வாது மலையின் சாமைக் கொல்லையோரம் நின்று இவ்வாழ்த்துமடலைச் சமர்ப்பிக்கிறேன்.

சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், நெல்லை என ஆறு திருநகரங்களை மின்வாகன நகரங்களாகத் தேர்ந்தருளிய தங்கள் கண்ணின் கூர்மையை என்னென்பேன்! பேருந்து ஓடுகிற ஊருக்கே இன்னும் பேருந்து. வண்டி நிற்கிற வாசலுக்கே இன்னொரு வண்டி. மேகமும் தங்களிடம்தான் பாடம் கேட்டிருக்க வேண்டும், கடல்மேல் பெய்வதற்கு. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்பேருந்துகள் தாழ்தளத்தோடு, சக்கர நாற்காலியும் ஏறும் வசதியோடு புறப்பட்ட திருக்காட்சியை மலைமேலிருந்தே கைகூப்பித் தொழுதோம்.

டில்லியில் வீற்றிருக்கும் தங்கள் மூத்தவர் பி.எம். இ-டிரைவ் திட்டத்தாரின் நீதியோ அதனினும் நுட்பமானது. 10,900 கோடி ரூபாய்க் கருவூலம், 14,028 பேருந்துகள், அவை 40 லட்சம் தலைகளுக்கு மேல் எண்ண வாய்த்த 9 பெருநகரங்களுக்கு மட்டும். ஒரு மலையூரில் எத்தனை தலை தேறும்? சில பத்துக் கூரைகள், ஒரு புளியமரம், கட்டிப்போட்ட நான்கு ஆடுகள். ஆடுகளையும் சேர்த்து எண்ணினாலும் கணக்கு எட்டாது என்பதை முன்பே உணர்ந்து, எண்ணும் சிரமத்தைக்கூட எங்களுக்குத் தராமல் விட்ட கருணை வாழ்க!

மேலும், தாங்கள் புகையை ஒழிக்க அவதரித்தவர். எங்கள் வானிலோ புகையே இல்லை. எங்கள் மலையின் காவலூரில் 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கியை நிறுவி விண்மீன்களைப் பார்க்கும் அளவுக்கு இது தெளிந்த வானம். நோயில்லாத வீட்டுக்கு வைத்தியர் வருவாரா? நகரத்தார் பாடுபட்டுப் புகை சேர்த்தார்கள், பரிசு பெற்றார்கள். நாங்கள் சேர்க்கவில்லை, பெறவில்லை. இதைவிட நேர்மையான தராசு எந்த அரசவையில் தொங்கியது?

தங்கள் அறிவின் சிகரம் சாலைவரி விலக்கு. மின்வாகனம் வாங்குவோர்க்கு 2025 இறுதிவரை 100 விழுக்காடு தந்தருளினீர்கள்! லட்சங்களில் விலைபோகும் காரின் உரிமையாளர் ஒரு காசும் வரி கட்டாமல் சென்றார். எங்கள் மலையையும் தாங்கள் மறக்கவில்லை. கார் வாங்கியவர்களுக்குச் சாலை வரியிலிருந்து விலக்கு. இங்கே அல்லேரி போன்ற ஊர்களுக்கு அப்போது சாலையிலிருந்தே விலக்கு.

தாங்கள் எழுந்தருளிய அதே 2023-ல், மூன்று மாதம் கழித்து, மே மாதக் கடைசியில், அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு தீண்டியது. மருத்துவமனை போய்ச் சேருமுன் உயிர் பிரிந்தது. உடலைத் திருப்பிக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் சாலை முடிந்த இடத்தில் நின்றுகொண்டது. பெற்றவள் பிள்ளையின் உடலைக் கையில் ஏந்தி மலையேறினாள். ஒரு சொட்டு டீசல் இல்லை, ஒரு துளிப் புகை இல்லை, ஒரு ரூபாய் மானியம் இல்லை. தங்கள் இலட்சியம் முழுமையாக நிறைவேறிய அந்தப் பயணம் ஏனோ தங்கள் சாதனை மலரில் இடம்பெறவில்லை. தன்னடக்கம் என்றே கொள்கிறோம்.

மலையின் வடகிழக்கே ராணிப்பேட்டையில் மின்ஸ்கூட்டர் செய்கிறார்கள். மேற்கே போச்சம்பள்ளியிலும் செய்கிறார்கள். இடையில் நிற்கும் இந்த மலையின் வண்டி இன்னும் டோலிதான். ஒரு மூங்கில், ஒரு போர்வை, நான்கு தோள். நிறைமாதக்காரியும் அதில்தான் இறங்குகிறாள், காய்ச்சல் கண்ட கிழவரும் அதில்தான். மின்கலத்தின் கொள்ளளவு பார்த்து, கிலோவாட் மணிக்கு 5,000 ரூபாய், வண்டிக்கு 10,000 ரூபாய்க்கு மிகாமல் என்று ஸ்கூட்டருக்கு அளந்து வழங்கினார் தங்கள் மூத்தவர். தோளுக்குக் கிலோவாட் கணக்குக் கிடையாது. வாங்கத் தெரியாத தோளின் குற்றம் அது. வழங்கத் தெரியாத கையின் குற்றம் ஆகுமா?

அதே திட்டத்தில் மின்-ஆம்புலன்ஸ்களுக்கென்று 500 கோடி ஒதுக்கியதாகவும் கேள்விப்பட்டு மெய்சிலிர்த்தோம். சத்தமில்லாமல் வருமாம். இத்தனை ஆண்டுகளாக எங்கள் ஊர்களுக்கு ஆம்புலன்ஸ் சத்தமில்லாமல்தான் வந்துகொண்டிருக்கிறது. எனவே இங்கே புதிதாக எதையும் மாற்ற வேண்டியதில்லை.

அடியேனுக்கு ஒரே விண்ணப்பம். மின்வாகனங்களுக்குப் பச்சை எண்பலகை வழங்கி அழகு பார்க்கிறீர்கள். எங்கள் மூங்கிலுக்கும் ஒன்று கட்டிவிட உத்தரவாக வேண்டும். சொந்த வண்டிக்கு வெள்ளை எழுத்து, வாடகை வண்டிக்கு மஞ்சள் எழுத்து என்பது டில்லியின் விதி. நான்கு பேர் கூலி வாங்காமல் சுமக்கும் டோலிக்கு எந்த நிறத்தில் எழுதுவது என்பதை மட்டும் தாங்களே திருவாய் மலர்ந்தருள வேண்டும்.