நடுவழியில் நின்றால் யார் வருவார்?

கேள்வி: கார் இன்சூரன்ஸோடு ‘ரோடுசைடு அசிஸ்டன்ஸ்’ சேர்க்கச் சொல்கிறார்கள். எந்த நிறுவனத்தை நம்பலாம்?

பதில்: விளம்பரத்தை விடுங்கள், பாலிசியின் பொடி எழுத்தைப் படியுங்கள். எத்தனை கிலோமீட்டர் வரை இலவசமாகக் கட்டியிழுப்பார்கள், வருடத்துக்கு எத்தனை முறை வருவார்கள் என்பதெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். பஞ்சர் என்றால் ஸ்டெப்னி மாற்றித் தருவார்கள். அதிலும் காற்றில்லை என்றால் வந்தவர் பாடு திண்டாட்டம்தான்! பணம் கட்டுவதற்கு முன், இரவு 11 மணிக்கு அவர்களுடைய உதவி எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். மனிதக் குரல் கேட்டால் பாதி நம்பலாம். ‘உளுந்தூர்பேட்டை தாண்டி வண்டி நின்றால் யாரை அனுப்புவீர்கள்?’ என்று கேளுங்கள். பக்கத்து ஊர் மெக்கானிக்கைத் தயங்காமல் சொன்னால் மீதியும் நம்பலாம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற அரசு உதவி எண்ணும் 24 மணி நேரமும் உண்டு. அதையும் போனில் பதிந்துவையுங்கள்.