கழுத்துவரை டீசல்

பங்கில் நாசில் ‘டக்’கென்று தானாக நின்றுவிடும். நம்மவருக்கு அதில் நம்பிக்கை கிடையாது. “இன்னும் பிடிக்கும் தம்பி, போடுங்க” என்பார். பையன் மெல்ல அழுத்துவான். மறுபடி டக். உடனே காரைப் பிடித்து, படியில் அரிசி அளப்பதுபோல ஒரு குலுக்கு. நுரை அடங்கும், இன்னும் அரை லிட்டர் இறங்கும். கேட்டால், மைலேஜ் பார்க்கிறாராம். கடைசியில், “ரவுண்டா நாலாயிரம் ஆக்கிடுங்க.”

டீசல் நுரைக்கிற சரக்கு. அதனால் நாசில் சில சமயம் முன்னதாகவே நின்றுவிடும். இன்னொரு தடவை அழுத்துவதால் குடி முழுகிவிடாது. கழுத்துவரை ஏற்றுவதில்தான் வில்லங்கம். நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வரும் டீசல் வெயிலில் 10 டிகிரி சூடேறினால், 50 லிட்டருக்கு ஏறக்குறைய 400 மில்லி பெருகும். அதற்காகக் கம்பெனிக்காரன் விட்டுவைத்த காலியிடத்தையும் நாமே பட்டா போட்டுக்கொண்டால், மிச்சம் ரோட்டுக்கு வரும். பின்னால் வரும் பைக் வழுக்க அவ்வளவு போதும்.

வெடிக்குமா என்றால், வாட்ஸப்பில் மட்டும் கோடைதோறும் வெடிக்கிறது, அதுவும் இந்தியன் ஆயில் எச்சரிப்பதாகச் சொல்லிக்கொண்டு. டீசல் பெட்ரோலைப்போல் சட்டென்று பற்றுவதில்லை. தயாரிப்பாளர் குறித்த அளவுவரை எந்தப் பருவத்திலும் நிரப்பலாம் என்று அந்த நிறுவனமே மறுப்பும் வெளியிட்டது. மறுப்பை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை.