பழுத்த ரேடியேட்டர்

கேள்வி: என்னிடம் 1990-ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. அதற்கு ரேடியேட்டர் இனியும் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். முதல் தலைமுறையிலேயே 4 லட்சத்துக்கும் மேல் தயாரான காருக்குப் பாகம் செய்ய ஆளா இல்லை? முதலில் பானெட்டைத் திறந்து ரேடியேட்டரின் மேல் தொட்டியைப் பாருங்கள். கறுப்பு பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தால் அதற்கு வயதாகிவிட்டது. தலைமுடி என்றால் மை பூசலாம். இது ஒருநாள் நடுரோட்டில் விரிசல் விடும். உடனே மாற்றுங்கள். வாங்கும்போது மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்று சொல்லிக் கேளுங்கள். ஆட்டோமேட்டிக்குக்கு கியர் எண்ணெய் குளிர, கூடுதல் குழாய் இணைப்பு உண்டு. கையோடு வாட்டர் பம்பையும் மாற்றுவதாக இருந்தால், அதை எடுக்க டைமிங் பெல்ட்டைக் கழற்றியே ஆகவேண்டும், ஆகவே இரண்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். எஞ்சினுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஹீட்டர் ஹோஸையும்தான். கை நுழையாத இடம் என்பதால் பலரும் அதை விட்டுவிடுகிறார்கள்.